கிரகணத்துக்கு இரவல் வாங்கிய பேட்டரி

எண்பதாம் வருடம் மாசி மாதம் பட்டப்பகலில் சூரிய கிரகணம் என்று தெரிந்ததும் தென்காசியில் எங்கள் வீட்டில் நடந்த முதல் காரியம், என் மாமியார் நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டதுதான். இரண்டாவது, கிரகண நேரத்தில் வெயில் படும்படி வெளியே காலெடுத்து வைக்க மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கியது. நான் அப்போது ஆறு மாதம். கிரகண வெயில் பட்டால் வயிற்றுப் பிள்ளை உதடு பிளந்து பிறக்கும் என்பது அவர் நம்பிக்கை.

அதற்கு முன் இரண்டு முறை கலைந்திருந்தது. ஒன்று மூன்றாம் மாதத்தில், இன்னொன்று ஐந்தில். காரணம் டாக்டருக்கே தெரியவில்லை. தெரியாத காரணத்தைச் சொல்வதற்கென்றே ஊரில் நாலு பேர் இருப்பார்கள் அல்லவா, அவர்கள் சொன்னார்கள்: பஸ்ஸில் போனாள், மாடிப்படி ஏறினாள், நின்றுகொண்டே பாடம் நடத்தினாள். என் மாமியார் மட்டும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. குழம்பில் உப்பு கூடினால் தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போடுகிறவர், இந்த விஷயத்தில் வாயே திறக்கவில்லை. என் கணவர் தூத்துக்குடியில் வேலை பார்த்தார், சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போய்விடுவார். ஆகவே வாரத்தில் ஆறு நாளும் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், எங்கள் சண்டையும் சமாதானமும் எங்களோடுதான்.

நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியை. நிழல் என்பது வெளிச்சம் இல்லாத இடம், அதற்குக் கையும் கிடையாது பல்லும் கிடையாது என்று முந்தின வாரம்தான் ஒன்பதாம் வகுப்பில் பந்தையும் விளக்கையும் வைத்துக் காட்டியிருந்தேன். அப்படிப்பட்டவள் ஏன் சத்தியம் செய்துகொடுத்தாய் என்று கேட்டால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் பயமாக இருந்தது. கிரகணத்தைக் கண்டு இல்லை. வெளியே போய்விட்டு, பிறகு ஏதாவது ஆகிவிட்டால், இதனால் இல்லை என்று ஆயுசு பூராவும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் தெம்பு எனக்கு இல்லை.

இதற்கு நடுவில்தான் அந்தத் தொலைநோக்கி வந்து சேர்ந்தது.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஒரு பழைய பங்களா இருந்தது. மெட்ராஸ் டாக்டர் ஒருவருடையது. சீசனுக்குச் சீசன் வந்து தங்குவார். அவர் பங்களாவை விற்றுவிட்டுக் கிளம்பும்போது, தன்னிடமிருந்த தொலைநோக்கியை எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளைப் பெயிண்ட் அடித்த நீளமான குழாய், கனமான இரும்புத் தாங்கி, தாங்கியின் வயிற்றில் ஒரு குட்டி மோட்டார். பூமி ஒரு பக்கம் சுற்ற, இந்த மோட்டார் குழாயை அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே இருக்கும். ஒரு தடவை சூரியனுக்கு நேராக வைத்துவிட்டால் சாயங்காலம் வரை சூரியனை விடாது. மோட்டார் இல்லாவிட்டால் இரண்டு நிமிஷத்தில் சூரியன் நழுவிவிடும், பக்கத்தில் நின்று யாராவது கையால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் விஞ்ஞானக் கூடத்துக்கு மேற்கே ஒரு வராந்தா. மத்தியானத்துக்கு மேல் அங்கே நல்ல வெயில் அடிக்கும். தொலைநோக்கியை வராந்தாவில் நிறுத்தி, அதன் வால்பக்கத்தைக் கூடத்துச் சன்னலுக்கு நேராக வைத்து, மற்ற சன்னல்களையெல்லாம் அடைத்துவிட்டால், சூரியனுடைய பிம்பம் இருட்டறைக்குள் வெள்ளைப் பலகையில் வந்து விழும். யாரும் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். யாரும் வெளியே போக வேண்டாம். நானும்தான்.

பெரிய டீச்சர் என்று நாங்கள் எல்லோரும் கூப்பிடுகிற தலைமையாசிரியை முழுவதையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ வெளிய வரலேன்னா அந்தக் குழாய யாரும்மா திருப்புவா?"

"மோட்டார் திருப்பும் டீச்சர்."

"மோட்டார் நின்னுட்டா?"

"நிக்காது டீச்சர்."

அவர் பிள்ளைகளின் பெற்றோருக்கு, எந்தப் பிள்ளையையும் வெளியே விடமாட்டோம் என்று தன் கையெழுத்துப் போட்டுக் கடிதம் அனுப்பினார். நிக்காது என்று நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பித்தான். அந்த மோட்டாரை எதைக்கொண்டு ஓட்டப்போகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

அது பன்னிரண்டு வோல்ட் மோட்டார். டாக்டர் தன் காரைப் பக்கத்தில் நிறுத்தி, மூடியைத் திறந்து, கார் பேட்டரியிலிருந்தே ஒயர் இழுத்துக்கொள்வாராம். எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே வாகனம் பெரிய டீச்சருடைய குடைதான். அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நடந்து வருவார்.

பரிசோதனைக் கூடத்தில் பேட்டரிக்குப் பதிலாகக் கரண்டில் ஓடுகிற எலிமினேட்டர் ஒன்று இருந்தது. அதில் ஆறு வோல்ட்டுக்கு மேல் வராது. வந்தாலும் பிரயோஜனம் இல்லை. அந்த வருடங்களில் கரண்ட் எங்களைக் கேட்டுக்கொண்டா போய் வந்தது? போதாக்குறைக்குக் கிரகண நேரத்தில் ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்திவிடுவார்கள் என்று ஒரு வதந்தி வேறு. ஆகவே கரண்டை நம்பாத, தூக்கி வைக்கிற மாதிரியான ஒன்று எனக்கு வேண்டும். மூன்று மணி நேரம் மூச்சு விடாமல் ஓட்ட வேண்டும்.

முதலில் டார்ச் லைட் செல். பெரிய செல் எட்டு. பழைய சைக்கிள் டியூபை வெட்டி, அதற்குள் எட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திணித்து, இரண்டு பக்கமும் கயிறு போட்டு இறுக்கினேன். மோட்டார் ஜோராக ஓடியது. முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் பலகையில் சூரியன் பைய நகர்ந்து ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மோட்டார் நிற்கவில்லை, தளர்ந்துவிட்டது. இது நிற்பதைவிட மோசம். நின்றால் உடனே தெரியும். தளர்ந்தால் கெட்ட பிறகுதான் தெரியும்.

அடுத்து மோட்டார் சைக்கிள் பேட்டரி. ஆறு வோல்ட்டில் இரண்டு, வேறு வேறு வண்டியிலிருந்து. ஒன்று புதுசு, ஒன்று கிழடு. சேர்த்துக் கட்டினால் கிழடு புதுசையும் கீழே இழுத்தது. ஒரு மணி நேரத்தில் இரண்டும் படுத்துவிட்டன.

கீழப்பாவூரிலிருந்து படிக்க வருகிற ஒரு பெண்ணின் அப்பாவிடம் டிராக்டர் இருந்தது. விஷயத்தைக் கேள்விப்பட்டு ஆர்வமாக பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்துவிட்டார். கழற்றின பிறகு டிராக்டர் எப்படி வரும்? மாட்டு வண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். இரண்டு பேர் சேர்ந்து இறக்கினார்கள். நான் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தேன். பேட்டரியின் அமிலத் தண்ணீர் எவ்வளவு அடர்த்தி என்று காட்டுகிற கண்ணாடிக் குழாய் அது, அடர்த்தி இருந்தால் சார்ஜ் இருக்கிறது என்று அர்த்தம். உள்ளே மிதவை அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"அண்ணாச்சி, இதுல ஒண்ணுமே இல்லையே."

"ஏறிரும் டீச்சர். ரெண்டு நாளு உழுதா தன்னால ஏறிரும்."

பள்ளிக்கூட மைதானத்தை உழுவதா? அவருக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்து, பேட்டரியை அதே மாட்டு வண்டியில் திருப்பி அனுப்பினேன். கிரகணத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. பெரிய டீச்சருடைய கையெழுத்து ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. மோட்டார் ஓடாவிட்டால் ஒன்று குழாயைத் திருப்ப ஒரு பிள்ளையை வெளியே நிறுத்தி அவர் பேச்சைக் கெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் சத்தியத்தை மீறி வெளியே நின்று குழாயைத் திருப்ப வேண்டும்.

வழி காட்டியது ஒரு கட்சிக் கூட்டம். பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தேன். தெருமுனையில் கரண்ட் போய் விளக்கெல்லாம் அணைந்து கிடக்க, பேசுகிறவர் மட்டும் நிற்காமல் முழங்கிக்கொண்டிருந்தார். எப்படி என்று பார்த்தால் மேடைக்குக் கீழே ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் கார் பேட்டரி, அதிலிருந்து ஆம்ப்ளிபயருக்கு ஒயர். என்ன பேசினார் என்று எனக்கு ஞாபகமில்லை. அந்தப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மைக் செட் கடைக்காரரை ஊரில் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்களும் அப்படித்தான். மறுநாள் அவர் கடைக்குப் போனேன். ஏழெட்டு பேட்டரிகள் வரிசையாகச் சார்ஜில் கிடந்தன. சூரியனுக்கு பேட்டரியா என்று அவர் கேட்கவில்லை. எத்தனை மணி நேரம் என்று மட்டும் கேட்டார். மூன்று என்றேன். ஒன்றைத் தூக்கி முன்னால் வைத்து, ஒரு லாரி ஹெட்லைட் பல்பை அதில் மாட்டிவிட்டு, பீடியைப் பற்றவைத்தார்.

"பீடி முடியுற வரைக்கும் லைட்டு மங்கக்கூடாது. மங்கிச்சுன்னா அது கல்யாணத்துக்கு ஆவாது."

முதல் பேட்டரி அரைப் பீடியில் மங்கியது. இரண்டாவது கடைசி இழுப்பு வரை கண்ணைக் கூச வைத்தது. நான் நம்பாமல் பையிலிருந்த ஹைட்ரோமீட்டரை எடுத்து ஆறு அறையிலும் விட்டுப் பார்த்தேன். பீடி சொன்னதையே அதுவும் சொன்னது. அவருக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

"இதையே கொண்டுட்டுப் போங்க. கெரகணத்தன்னைக்கு எவன் கல்யாணம் வைப்பான்? சும்மாதான் கெடக்கும். ஆனா ஒண்ணு டீச்சர், எங்கயாவது ஒரு சாவு விழுந்துச்சுன்னா ஆள் அனுப்பிருவேன். அதுக்கு மட்டும் இல்லேன்னு சொல்ல முடியாது, பாத்துக்கிடுங்க."

அந்த மூன்று நாளும் தென்காசியில் யாரும் சாகக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்ட மாதிரி, அவரவர் வீட்டுப் பெரியவர்களுக்குப் பிள்ளைகள்கூட வேண்டியிருக்க மாட்டார்கள்.

பேட்டரியை முதலில் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தேன். தண்ணீர் கொஞ்சம் குறைந்திருந்தது. பெட்ரோல் பங்கிலிருந்து டிஸ்டில்டு வாட்டர் வாங்கிவந்து, ஒவ்வொரு மூடியாகத் திறந்து ஊற்றினேன். மாமியார் அடுப்படி வாசலில் நின்று பார்த்தார்.

"என்னட்டி ஊத்துத?"

"தண்ணிதான் அத்தை. சுத்தமான தண்ணி."

இவ்வளவுதான் பேச்சு. வேலை நேரத்தில் மாமியாரிடம் ரசாயனப் பாடம் நடத்த எனக்குப் பொறுமை இல்லை. இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஒத்திகை பார்த்தேன். மோட்டார் மூன்றரை மணி நேரம் ஓடியது. சூரியன் பலகையின் நடுவில் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். மோட்டார் குடிப்பது அரை ஆம்பியர், பேட்டரியில் இருப்பது இரண்டு மூன்று நாளைக்குக் காணும். அன்றைக்கு ராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலையிலேயே ஊர் அடங்க ஆரம்பித்துவிட்டது. பத்து மணிக்கு மேல் கடைகளைப் பலகை போட்டு அடைத்தார்கள். பதினொரு மணிக்குச் சாப்பிட்டு முடித்து, பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, மாமியார் எனக்கு முன்னால் வாசலில் நின்றார். கையில் ஒரு கட்டு தருப்பை.

"நீங்க எங்க அத்தை?"

"நீ சத்தியம் பண்ணுனத நீ பாத்துக்கிடுவ. நான் உன்னப் பாத்துக்கிடுதேன்."

நாற்பது பிள்ளைகள் வருவார்கள் என்று நினைத்தோம். வந்தது பதினொன்று. பெரிய டீச்சர் அவர்களை பெஞ்சுகளில் உட்காரவைத்தார். நான் ஒரு மணிக்கெல்லாம் குழாயைச் சூரியனுக்கு நேராக நிறுத்தி, பேட்டரியில் கிளிப்புகளை மாட்டி, மோட்டார் ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். கிரகணம் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மாமியார் அறை முழுக்கத் தருப்பை போட்டுக்கொண்டு வந்தார். குடிதண்ணீர்ப் பானையில் ஒன்று, பிள்ளைகளின் தூக்குவாளிகளில் ஒவ்வொன்று. ஒரு பாத்திரத்தையும் விடவில்லை. கொஞ்ச நேரம் வராந்தாப் பக்கம் போய்விட்டு வந்தார். பிறகு கதவை ஒட்டி ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் வெளியே போவதென்றால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இரண்டேகாலைத் தாண்டிப் பலகையில் இருந்த வெள்ளை வட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கடி விழுந்தது. பிள்ளைகள் பெஞ்சில் முன்னால் சாய்ந்து பார்த்தார்கள். சூரியனில் அந்த வருடம் நிறையக் கரும்புள்ளிகள். கடி வளர்ந்து ஒவ்வொரு புள்ளியாக மறைக்க, பிள்ளைகள் சத்தமாக எண்ணினார்கள். பெரிய டீச்சர்கூட எண்ணினார். மாமியார் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு கையை வயிற்றில் வைத்தபடி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு வந்தது. பயமும் இருந்தது.

மூன்றரை மணி வாக்கில் சூரியன் நகர்ந்தது.

முதலில் என் கண்தான் கூசுகிறது என்று நினைத்தேன். இல்லை. பாதிக்கு மேல் தேய்ந்துபோன சூரியன் பலகையின் நடுவை விட்டு ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. காதைக் கொடுத்தேன். மோட்டார் சத்தம் இல்லை. ஒரு நிமிஷத்தில் பலகை இருண்டுவிட்டது. "டீச்சர், போயிட்டு, போயிட்டு" என்று பிள்ளைகள் கத்தினார்கள். உச்சத்துக்கு இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்று பெரிய டீச்சர் எழுந்தார்.

பேட்டரி தீர்ந்திருக்க முடியாது. மூன்றரை மணி நேரம் ஓட்டிப் பார்த்த பேட்டரி. அப்படியானால் கிளிப் கழன்றிருக்கிறது. இரண்டு விநாடி வேலை. அந்த இரண்டு விநாடியில் என் சத்தியம், கலைந்துபோன இரண்டு, வயிற்றில் இருக்கிற ஒன்று எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. ஓடிப்போய்க் கதவின் கொண்டியில் கையை வைத்தேன். மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வுடுங்க அத்தை. ஒயர மாட்டிட்டு வந்துருதேன்."

"நீ இரி."

"அத்தை, கிளிப்பு கழண்டுருக்கு, வேற ஒண்ணுமில்ல."

"தெரியும். நாந்தான் புல்லு வச்சேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "அதுக்குள்ள தண்ணி இருக்குன்னு நீதானட்டி சொன்ன. எல்லாத் தண்ணிக்கும் போட்டுட்டு அத மட்டும் விடவா? மூடி தெறக்க வரல. அதான் அந்தக் கவ்விக்கு அடியில சொருகி வச்சேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நல்லவேளை, நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என்னைப் பின்னால் தள்ளிவிட்டு, சேலைத் தலைப்பால் தலையையும் முகத்தையும் மூடி, கதவைத் திறந்து, வெளியே போய், கதவை இழுத்துச் சாத்தினார். கிரகணம் பிடித்தால் கொல்லைப்புறத்துக்குக்கூடப் போகாதவர் அவர். அவர் பிள்ளையை, அதாவது என் கணவரை, அன்றைக்குத் தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறவே கூடாது என்று தந்தி கொடுத்தவர்.

நான் சன்னலுக்கு ஓடினேன். கம்பிக்கு வெளியே வெயில் மங்கி, துலக்காத பித்தளைச் செம்பு மாதிரி ஒரு நிறத்தில் கிடந்தது. அவர் பேட்டரிக்குப் பக்கத்தில் குத்தவைத்திருந்தார்.

"அத்தை, செவப்பு ஒயரு. புல்ல எடுத்துட்டு, கிளிப்ப அந்த ஈயத்துலயே கடிக்க வைங்க."

கிளிப்பின் பாதிப் பல் ஈயத்திலும் பாதிப் பல் புல்லிலுமாகக் கடித்துக்கொண்டு இத்தனை நேரம் எப்படியோ ஓடியிருக்கிறது. புல் காய்ந்து சுருங்க, பிடி நழுவிவிட்டது. அவர் புல்லை உருவினார். கிளிப்பை வைத்தார். சின்னதாக ஒரு பொறி தட்டியது. "யாத்தே" என்று கையை இழுத்தவர், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் வைத்தார். மோட்டார் ஓடத் தொடங்கியது. ஆனால் சூரியன் இதற்குள் குழாயை விட்டுப் போய்விட்டிருந்தது. யாராவது அதைப் பிடித்துக் கொண்டுவர வேண்டும்.

"அத்தை, இன்னும் ஒரு வேலை இருக்கு. குழாயில கண்ண வச்சிராதீங்க, மேல பாக்காதீங்க. அங்கன செவுத்துல குழாயோட நெழலு விழுதுல்லா?"

"நீளமா விழுது."

"வலப்பக்கம் ஒரு பித்தளத் திருகு இருக்கு. அத பையத் திருகுங்க. நெழலு கொறஞ்சு கொறஞ்சு வட்டமாகணும்."

"எங்கனட்டி திருகு?"

"இன்னா, இங்கன" என்று நான் கையை நீட்டிக் காட்டினேன். முழங்கை வரை கம்பிக்கு வெளியே போய்விட்டது. அந்த மங்கின வெயில் என் கையில் விழுந்ததைப் பார்த்தேன். சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை.

அவர் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் நிழலை மட்டும் பார்த்துத் திருகினார். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். எத்தனையோ நாள் பழகின ஆள் மாதிரி. நிழல் சுருங்கி வட்டமானது. எனக்குப் பின்னால் பதினொரு பிள்ளைகளும் ஒரே குரலில் கூவினார்கள். பலகையில் சூரியன் வந்துவிட்டது. நகத்தைக் கிள்ளிப் போட்ட மாதிரி அவ்வளவு மெலிசாக.

"வந்துட்டா?" என்று வெளியிலிருந்து கேட்டார்.

"வந்துட்டு அத்தை! வந்துட்டு! நீங்க உள்ள வாங்க!"

உள்ளே வந்தவர் கதவைச் சாத்திவிட்டு, தலைப்பை விலக்கி, அதுவரை திரும்பிக்கூடப் பார்க்காத பலகையைப் பார்த்தார். என் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "இம்புட்டுத்தானா" என்றார். அதில் ஏமாற்றமா ஆச்சரியமா என்று எனக்கு இன்னும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துத் திடீரென்று கையை உதறிவிட்டு, அறையின் அந்தக் கோடியில் போய்த் தனியாக நின்றுகொண்டார். கிரகணம் விட்டதும் பள்ளிக்கூடக் கிணற்றடிக்குப் போய்ச் சேலையோடு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். போதும் அத்தை, சளி பிடிக்கும் என்று நான் சொல்லியும் நிறுத்தவில்லை.

மறுநாள் மைக் செட் அண்ணாச்சி வீட்டுக்கு வந்து பேட்டரியை எடுத்தார். பேட்டரி இருந்த மரப்பெட்டிக்குள் மாமியார் உருவிப் போட்ட தருப்பை காய்ந்து கிடந்தது. அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், அமாவாசையும் அதுவுமா என் பேட்டரிக்குத் திதி குடுத்துட்டீங்களா?" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். மாமியார் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் சரியாகவே இல்லை. குழம்பில் உப்பு கூடினால் பேசாமல் சாப்பிட்டார். திங்கட்கிழமை பட்டினி, வெள்ளிக்கிழமை கோவில். பங்குனி வெயிலில் ஒரு நாள் நடந்தே குற்றாலத்துக்குப் போய், நூல் மாதிரி விழுந்துகொண்டிருந்த அருவியில் குளித்துவிட்டு வந்தார். என் மேல் கோபம் போல, தன்னை வெளியே போகவைத்துவிட்டேன் என்று மனதில் வைத்திருக்கிறார் போல என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்கிற நிலையில் நானும் இல்லை. வயிற்றில் அசைவு கொஞ்ச நேரம் நின்றாலும் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வந்தது. முழங்கை வரைக்கும் வெயில் பட்ட கை. ஒன்பதாம் வகுப்பில் நான் சொன்னதையெல்லாம் எனக்கு நானே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். வகுப்பில்தான் அது எடுபட்டது.

வைகாசியில் குழந்தை பிறந்தது. தென்காசி ஆஸ்பத்திரியில், விடிந்து வெயில் வந்த பிறகு. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மாமியார் கையில் கொடுத்தார். ஆணா பெண்ணா என்று அவர் கேட்கவில்லை. நர்ஸே சொல்ல வாயெடுத்ததையும் காதில் வாங்கவில்லை. துணியைப் பிரித்து உதட்டைப் பார்த்தார். மேலுதட்டை விரலால் தொட்டுத் தடவினார். இரண்டு காதையும் மடக்கிப் பார்த்தார். கை விரல், கால் விரல் எல்லாவற்றையும் எண்ணினார். ஒருமுறை எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் எண்ணினார். பிறகு கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்து அழத் தொடங்கினார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"என்ன அத்தை? பிள்ள நல்லாத்தான இருக்கு?"

"நல்லா இருக்கு. ஒரு கொறையும் இல்ல." மூக்கை உறிஞ்சினார். "அன்னைக்கு வெளிய நின்னுட்டு வந்து, குளிக்காமக் கொள்ளாம உன் கையத் தொட்டுட்டேன்லா. பிள்ளத்தாச்சிப் பொம்பளயத் தொட்டுட்டேன். நீ வெளிய போவக்கூடாதுன்னு நான் போயி, அந்தத் தோஷத்த நானே கொண்டாந்து உன் மேல ஒட்டிட்டேனேன்னு, மூணு மாசமா ஒறக்கமே இல்லட்டி எனக்கு."

என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. உடம்பில் தெம்பு இல்லை. என்றாலும் வலது கையைப் போர்வையிலிருந்து எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். திருகைக் காட்டும்போது இந்தக் கை முழங்கை வரைக்கும் சன்னலுக்கு வெளியே போனதையும், அதில் வெயில் பட்டதையும், அதை யாரிடமும் சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன்.

அவர் அழுகையை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தார். பிறகு அதில் பட்டென்று ஓர் அடி வைத்து, அதை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"அப்பம் நீயும் ஒறங்கலயாட்டி?"